கூடாரத்தில் சலாட் வெள்ளரி வாடுகிறது, வேரும் பழுப்பு. என்ன செய்யலாம்?

உரும்பிராய்த் தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். சின்னப் பொலித்தீன் கூடாரம் ஒன்றில் சலாட் வெள்ளரி போட்டிருக்கிறேன். தேங்காய்த் தும்புத்தூள் பைகள், சொட்டுநீர், அல்பேர்ட் உரக் கரைசல். காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு வரிசை மத்தியானத்தில் தலை தொங்கத் தொடங்கியது. முதலில் பின்னேரம் நிமிர்ந்துவிடும், இப்போது சில கொடிகள் அப்படியே கிடக்கின்றன. ஈரக் குறைவு இல்லை, தும்புத்தூளைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறது. மருந்துக்கடையில் தயோபனேற் மெதைல் என்ற பூஞ்சண மருந்து தந்தார்கள். வேரில் ஊற்றியும் மாற்றமில்லை. அடுத்து எதை ஊற்றலாம்?

கோப்பாய் வாசகி:
இலை மஞ்சளா தம்பி? நம்முடைய யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, காரத்தன்மை கூடியது. இரும்புச்சத்து பயிருக்கு எட்டாமல் போகும்.

புன்னாலைக்கட்டுவன்:
அக்கா சொல்வது நடக்கிற காரியம்தான், ஆனால் இரும்புக் குறைவில் குருத்திலை மஞ்சளாகும், நரம்பு பச்சையாக நிற்கும். செடி மத்தியானத்தில் தொங்காது. தம்பி, இனி எதையும் ஊற்றாதீங்கோ. வாடின கொடி ஒன்றைப் பையோடு தூக்கி வேரைக் கழுவிப் பாருங்கோ. முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வட்டப்புழு. தண்டை அடியில் நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறதா? அப்படியென்றால் பியூசேரியம் என்ற வாடல்நோய்ப் பூஞ்சணம் என்று சந்தேகப்படலாம். ஒரு வேரை விரலால் பிடித்து இழுங்கோ, மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி. இன்னொன்று, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? பையிலிருந்து வடிகிற தண்ணீர் எங்கே போகிறது?

உரும்பிராய்த் தோட்டம்:
பார்த்தேன் அண்ணை. தோல் கழன்று வருகிறது, நூல்தான் மிச்சம். முடிச்சு இல்லை, தண்டின் உள்ளே வெள்ளையாகவே இருக்கிறது. தொட்டி கறுப்புப் பிளாஸ்ரிக், வெயிலில் நிற்கிறது, மத்தியானத்தில் கை வைத்தால் சுடும். வடிகிற தண்ணீரில் உரம் இருக்கிறதே என்று வாளியில் பிடித்து அதே வரிசைக்கு ஊற்றுகிறோம்.

புன்னாலைக்கட்டுவன்:
சரி, பித்தியம்தான் என்று எனக்குப் படுகிறது. அந்த வாளியை இன்றைக்கே நிறுத்துங்கோ. பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகிறவை. நோயுள்ள பையில் வடிந்ததை நல்ல பைக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். உரத்தை விட மனமில்லையென்றால் வெளியே தென்னைக்கு ஊற்றலாம்.

கடை மருந்து ஏன் பிடிக்கவில்லை என்றால், பித்தியம் உண்மையான பூஞ்சணமே அல்ல. பாசிகளுக்குக் கிட்டின உறவு. பூஞ்சணத்துக்கான தயோபனேற் அதைத் தொடாது. மெற்றலக்சில், புரோபமோகார்ப் போன்றவைதான் இந்தக் கூட்டத்துக்கு. வெள்ளரியை நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பீர்கள். லேபலில் உள்ள அறுவடை இடைவெளியை (மருந்து விட்டபின் பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாட்கள்) பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஆனால் தண்ணீரைத் திருத்தாமல் எந்த மருந்தும் நிற்காது. வெள்ளரியைத் தாக்கும் பித்தியம் அபனிடேர்மாற்றம் என்ற இனம் 30 பாகைக்கு மேலே உற்சாகமாக வளரும். அதே சூட்டில் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறையும்: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவில் இருப்பது 30 பாகையில் ஏழரைக்கு வந்துவிடும். வேர் மூச்சுத் திணறும் நேரத்தில் நோய்க்குக் கொண்டாட்டம். தொட்டிக்குக் கிடுகாலே ஒரு பந்தல் போடுங்கோ, குழாயையும் வெயிலுக்குக் காட்டாதீங்கோ. ஒரேயடியாக நனைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விடுங்கோ, கடைசித் தண்ணீரைப் பின்னேரத்துக்கு முன்னமே முடியுங்கோ. பையின் அடியில் துளை அடைத்திருக்கும், வெட்டிவிடுங்கோ.

ஒன்ராறியோ தமிழன்:
குறுக்கே வருகிறேன். நான் இங்கே அனுமதி பெற்ற பசுமைக்குடிலில் வேலை, பயிர் கஞ்சா. 2018 ஒக்ரோபரில் இருந்து கனடாவில் அது சட்டப்படி. (ஊரில் யாரும் முயற்சிக்க வேண்டாம், வேர் அழுகுவதற்கு முன்னமே பொலிஸ் வந்துவிடும்.) எங்களுக்கும் இதே தலைவலிதான்: பித்தியமும் பியூசேரியமும். வெட்டுத்துண்டு வேர்விடும் கட்டத்திலேயே பிடித்துவிடும். பியூசேரியம் தாய்ச்செடியில் இருந்தால் அதிலிருந்து வெட்டியதெல்லாம் நோயோடுதான் வரும். கஞ்சாவில் அனுமதித்த மருந்துகள் மிகக் குறைவு, அதனால் நடும்போதே ட்ரைக்கோடேர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலப்போம். அழுகிய பிறகு ஊற்றிக் காப்பாற்றியதை நான் கண்டதில்லை. பைகளுக்கு மேலே சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றனவா? அவற்றின் புழு வேரைத் தின்னும், நோயையும் காவும். மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள்.

உரும்பிராய்த் தோட்டம்:
ஈ இருக்கிறது! கொசு என்று விட்டிருந்தோம். வாடின கொடிகளைப் பிடுங்கட்டுமா? தும்புத்தூளை அடுத்த போகத்துக்கு எடுக்கலாமா?

புன்னாலைக்கட்டுவன்:
பின்னேரமும் நிமிராததைப் பையோடு தூக்குங்கோ, வேரை மட்டும் இழுத்தால் பாதி உள்ளே அறுந்து நிற்கும். அந்தத் தும்புத்தூள் வேண்டாம், தடித்த சுவருள்ள வித்துகள் அதில் நெடுநாள் கிடக்கும். மற்ற வரிசையில் உள்ளதை நனைத்து, கண்ணாடிப் பொலித்தீனால் மூடி, நல்ல வெயிலில் சில கிழமை வைத்தால் எடுக்கலாம். சொட்டு முனைகளைக் குளோரின் கரைசலில் ஊறவிட்டுக் கழுவுங்கோ. மருந்து வாங்குவதற்கு முன் வேரைப் பையில் போட்டு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கோ. அவர் கிடைக்காவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கோ.