டிபிஏ 2.2 (பழங்காலப் போரை பொம்மைப் படைங்களை வச்சு ஆடுற விளையாட்டு): நேருக்கு நேர் மோதினா யாருமே சாக மாட்டேங்குறாங்க, ஹவுஸ் ரூல் (நாமளே போட்டுக்கிற விதி) போடலாமா?

சாரிசா:
மாசிடோனியா–ரோம் ஆடிட்டு இருக்கோம். என் ஃபாலாங்ஸ் (நீள ஈட்டிப் படை) ரெண்டு வரிசை, பலம் 3 கூட பின்வரிசைக்கு 3, ஆக 6. எதிர்ல ரோமோட லீஜன், ஆட்டத்துல 'பிளேடு' (வாள்படை) வகை, பலம் 5. ஆளுக்கு ஒரு பகடை உருட்டி பலத்தோட கூட்டினா அவன் ரீகாயில் ஆவான் (பின்வாங்குவான்), அடுத்த டர்ன்ல திரும்ப வந்து ஒட்டுவான், 4 எலிமெண்ட் (படைப்பிரிவு) இல்ல தளபதி விழுந்தாத்தான் ஜெயிப்பு, அதுக்குள்ள விடிஞ்சிடும் போல. தோத்தவன் உடனே செத்தான்னு மாத்திடலாமா?

கணக்கன்:
வேணாம் ப்ரோ. கொல்லணும்னா எதிராளி மொத்தத்தைப் போல ரெண்டு மடங்கு வேணும், 6க்கு 5ல நீங்க 6 போட்டு அவன் 1 போட்டாத்தான் நடக்கும், 36ல ஒரே ஒரு தடவை. ஆனா அவன் ஆளுங்கள்ல ஒருத்தன் பின்வாங்கிட்டா பக்கத்துல நிக்கிறவனுக்கு ஓவர்லேப் (பக்கம் திறந்து கிடக்கும்), பலத்துல -1. இப்போ அவன் சாகறது 36ல 4. ரெண்டு பக்கமும் காலின்னா 36ல 9! எந்தச் சண்டையை முதல்ல உருட்டணும்னு டர்ன் யாருதோ அவங்கதான் முடிவு பண்றாங்க, அதனால ஓரத்துல ஆரம்பிக்காம நடுவுல இருக்கிறவனோட ரெண்டு பக்கத்தையும் முதல்ல தள்ளிட்டு அவனைக் கடைசியா உருட்டுங்க.

பழையபோர்:
வரலாறும் இப்படித்தாங்க. ஒரு ரோமானியனுக்கு எதிர்ல பத்து ஈட்டி முனை நிக்கும்னு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுறார், முன்னாடி இருந்து யாரு உள்ள போக முடியும்? கி.மு. 197 கினோசெஃபாலே போர்ல மாசிடோனியா மன்னர் பிலிப்போட வலது பக்கம் ஜெயிச்சுக்கிட்டே இறங்குது, ஒரு டிரிபியூன் (ரோமானிய அதிகாரி) 20 மேனிபிளை (சின்னப் படைப்பிரிவு) திருப்பிக்கிட்டு பின்னாடி போய் அடிச்சார், கதை முடிஞ்சது. ரோம்ல செத்தது 700 பேர், மாசிடோனியால 8,000. தள்ளுமுள்ளுல இவ்வளவு பேர் சாகல, வரிசை உடைஞ்சப்புறம்தான்.

சாரிசா:
அப்போ என் எதிர்ல ஆடுறவனுக்கு என்னதான் வழி? என் 6ஐப் பார்த்தே நொந்து போறான் பாவம்.

கணக்கன்:
ஒரே ஒரு பிளேடை வெளிய நிறுத்திட்டு பிஐபியை (படையை நகர்த்தக் கிடைக்கிற புள்ளி) அதுக்குன்னு சேர்த்து செலவு பண்ணி உங்க பக்கவாட்டுல ஒட்டச் சொல்லுங்க. உங்க 6 உடனே 5 ஆகிடும், 36ல 15 தடவை தோப்பீங்க, பக்கத்துல எதிரி ஒட்டியிருக்கும்போது ரீகாயில்னா நேரா சாவுதான். கரடுமுரடான இடத்துக்கு இழுத்துட்டா பின்வரிசை 3ம் போச்சு. தோத்தவன் சாகணும்னு ரூல் வச்சீங்கன்னா இதை எவனும் யோசிக்க மாட்டான், நேரா மோதி பகடை மட்டும் உருட்டுவான்.