'செல்லாத பணம்' நடேசனை உங்களால் ஏற்க முடிகிறதா?

வாசகி_திருச்சி

இமையத்தின் 'செல்லாத பணம்' போன வாரம் முடித்தேன், இன்னும் வேறு புத்தகத்தைக் கையில் எடுக்க மனம் வரவில்லை. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பொறியியல் படித்த ரேவதி, பர்மா அகதிக் குடும்பத்து ஆட்டோ ஓட்டுநர் ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். அப்பா நடேசன் தலைமையாசிரியர். கல்யாணத்துக்குப் பிறகு மகளோடு பேச்சே இல்லாமல் இருந்தவர், இப்போது எவ்வளவு செலவானாலும் காப்பாற்றிவிட வேண்டும் என்று தவிக்கிறார். எனக்கு ரவி மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்ததுதான் அதிகம். முன்பே கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாளே! எங்கள் வீட்டில் அத்தை ஒருவரோடு தாத்தா கடைசிவரை பேசவில்லை, அதனால் இதை வெறும் கதையாக என்னால் படிக்க முடியவில்லை.

உங்களில் யாருக்காவது நடேசனைப் புரிகிறதா? குடும்பப் பாசத்தை இப்படிப் பூசி மெழுகாமல் சொல்கிற நாவலோ தன்வரலாறோ இருந்தால் சொல்லுங்கள். தியாகமே உருவான அம்மா வகை வேண்டாம்.

கெடிலக்கரை

எனக்குப் புரிகிறது. நானும் பெண் பிள்ளைக்கு அப்பாதான். பேசாமல் இருப்பது மகளுக்குக் கொடுக்கிற தண்டனை மட்டும் இல்லை, சொந்தக்காரர்கள் முன்னால் அப்பன் காட்டியாக வேண்டிய முகமும்கூட. உள்ளுக்குள் அவர் தினமும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். இமையம் யாருக்கும் தீர்ப்பு எழுதாமல், ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற ஆட்களைப் பேச விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். 2020க்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்த நாவல், ஆனால் நான் அதை ஒருமுறைக்கு மேல் படிக்க மாட்டேன், தாங்காது. அம்மா அமராவதியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே? புருஷனுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஏட்டுச்சுவடி

நடேசனுக்கு நேர் எதிரான அப்பா வேண்டும் என்றால் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படியுங்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பலரும் அதைச் சுவடி தேடிய கதையாகத்தான் சொல்கிறார்கள், எனக்கு அது வேங்கடசுப்பையர் என்கிற அப்பாவின் கதை. சங்கீதக்காரர், மகனும் சங்கீதம் கற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. பையனுக்குத் தமிழ் மேல்தான் பித்து என்று தெரிந்ததும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போகிறார். போகிற ஊரில் இராமாயணக் கதை சொல்லி அதில் வருவதில்தான் சாப்பாடு. கடைசியில் மாயூரத்துக்குக் கூட்டிப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைக்கிறார். தன் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு மகனுக்காக இப்படி அலைந்த அந்த மனிதரைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ரொம்பப் பெரிய புத்தகம், நடுவில் பெயர்களும் ஊர்களும் குவிந்து கிடக்கும், அந்த இடங்களை வேகமாகத் தாண்டிப் போனாலும் குற்றமில்லை.

சென்னை_டேங்கர்லாரி

அப்பா, அம்மா என்றே போகிறோம், அக்கா தங்கையைச் சொல்ல ஆள் இல்லையா? அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஜமுனாவும் சாயாவும். தெருவே குடத்தோடு அலைகிற சென்னைப் பஞ்சத்தில், பாஸ்கர் ராவ் என்கிற சினிமாக்காரனை அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று தங்கை கோபித்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். அந்தக் கோபம்தான் அன்பு என்று ஆசிரியர் எங்கும் எழுத மாட்டார். சின்ன நாவல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். எனக்கும் என் அக்காவுக்கும் பேச்சு அறுந்திருந்த நேரத்தில் படித்தேன், முடித்ததும் அவளுக்குப் போன் செய்தேன்.

வாசகி_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. @கெடிலக்கரை, உள்ளுக்குள் பேசியிருப்பார் என்கிறீர்கள், அது ரேவதியின் காதுக்குப் போகவே இல்லையே, அதில்தான் எனக்குச் சண்டை. அமராவதி பற்றிச் சொன்னது சரி, அவர் வருகிற பகுதிகளைத் திரும்பப் படிக்கிறேன். முதலில் 'தண்ணீர்', அப்புறம் 'என் சரித்திரம்'. மாயூரம் போய்ச் சேர்வதற்கு முன்னால் வருகிற அத்தியாயங்களில் எதையும் விடாமல் படிக்க வேண்டுமா, @ஏட்டுச்சுவடி?