பால் ஜோன்ஸ் படம்: அசலா, மறுபதிப்பா? உதவுங்கள்

நண்பர்களே வணக்கம். போன மாதம் லண்டனில் பழைய காகிதங்கள் விற்பவர் ஒருவரிடம் ஒரு அச்சுப்படம் வாங்கினேன். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்த அமெரிக்கக் கப்பல் தளபதி ஜான் பால் ஜோன்ஸ், சரணடைவதற்காகக் கொடியை இறக்கப் போன தன் மாலுமியையே சுடுகிற காட்சி. இடுப்பில் துப்பாக்கிகள், அசல் கடற்கொள்ளைக்காரன் தோற்றம். ஜான் காலெட் வரைந்ததை கேரிங்டன் பவுல்ஸ் வெளியிட்ட மெசோடின்ட் (செப்புத் தகட்டைச் சொரசொரப்பாக்கி, ஒளி-நிழல் வரச் சுரண்டி அச்சிடும் முறை) வகைப் படம் இது.

1779 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்துக் கரையில் பிளாம்பரோ முனையருகே 'செராபிஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அவர் பிடித்ததும், ஆங்கிலேயர் அவரைக் கொள்ளைக்காரன் என்றே அச்சிட்டுத் தள்ளினார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்தவர் எதிரிப் பக்கம் நின்ற கோபம் வேறு. ஆனால் முந்தைய வருடம் அவருடைய ஆட்கள் ஸ்காட்லாந்தின் செல்கர்க் பிரபு வீட்டில் எடுத்த வெள்ளிப் பாத்திரங்களை, ஜோன்ஸே பணம் கொடுத்து வாங்கித் திருப்பி அனுப்பினார். கொள்ளைக்காரனாகக் காட்டப்பட்டவர் நிஜத்தில் இப்படி நடந்துகொண்டதால்தான் இந்தப் படத்தின் மேல் எனக்கு இவ்வளவு ஈடுபாடு.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்தில், பழைய கைக்காகிதத்தில் இருப்பது போல, நெருக்கமான கோடுகள் தெரிகின்றன. லென்ஸில் பார்த்தால், நவீன அச்சில் தெரிகிற ஒழுங்கான புள்ளிகள் இல்லை. கறுப்பு வெல்வெட் போல இருக்கிறது. ஆனால் ஓரங்களை யாரோ ஒட்ட வெட்டிவிட்டதால் செப்புத் தகடு அழுந்திய தடம் இல்லை. அது இல்லாமல் காலத்தை உறுதிசெய்ய முடியுமா? அப்புறம், பின்பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையை நானே பிரிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.