தொப்பூர் ஏற்றத்தில் நின்ற காரும் கிராங்க் சென்சாரும்: உங்கள் அனுபவங்களையும் பகிருங்கள்

தருமபுரி உறுப்பினர்:

சேலத்திலிருந்து வெயில் நேரத்தில் ஊர் திரும்பும்போதெல்லாம், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் பெட்ரோல் கார் திடீரென்று அணைந்துவிடும். ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து சற்று ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல முதல் செல்ஃபிலேயே கிளம்பிவிடும். பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொன்னார்கள். பம்ப்பும் சூட்டில் இப்படி மக்கர் செய்யக்கூடியதுதான் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்ததை நான் கவனித்திருந்தேன். கியரில் உருளும் வண்டியில், பெட்ரோல் வராவிட்டாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் முள் பூஜ்யத்தைக் காட்டுகிறது என்றால், அந்தச் சுழற்சியைத் தெரிவிக்கும் கிராங்க் சென்சாரோ அதன் வொயரோதான் பேச மறுக்கிறது.

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. 60 பற்களுக்கான இடத்தில் 2 பற்களை விட்டுவிட்டு 58 பற்களோடு அமைப்பது பரவலான முறையாகும். கிராங்க் சென்சார் அனுப்பும் சிக்னலைக் கொண்டு ஒரு பல்லுக்கு 6 டிகிரி என்று எண்ணிக்கொண்டே வரும் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), அந்த வெற்றிடம் கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொள்கிறது. இந்தச் சிக்னல் நின்றால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் எப்போது கொடுப்பது என்று தெரியாமல் பெரும்பாலான வண்டிகளில் இரண்டுமே நிறுத்தப்பட்டுவிடும். எனினும், நான்கு ஸ்ட்ரோக் கொண்ட ஒரு சுழற்சி முடிய கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதால், மேலே வரும் பிஸ்டன் கம்ப்ரஷனில் வருகிறதா, புகையை வெளியேற்ற வருகிறதா என்பதைக் கிராங்க் சென்சாரை மட்டும் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதைச் சொல்வதற்கே, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் நிலையைப் பார்க்கும் கேம் சென்சார் இருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்கவும் இதே அறிவு போதும். கேம்ஷாஃப்ட் மேலே இருப்பதால் அதன் சென்சார் சிலிண்டர் ஹெட்டின் ஏதாவதொரு முனையில் இருக்கும். பானட்டைத் திறந்தாலே பெரும்பாலும் கண்ணில் படும். கிராங்க் சென்சாரோ அடியில், பெல்ட் ஓடும் புல்லியின் அருகிலோ, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தை நோக்கியோ பொருத்தப்பட்டிருக்கும். என் வண்டியில் அது ஃப்ளைவீல் பக்கம் இருந்தது. கட்டைவிரல் அளவேயான கறுப்புத் துண்டு, ஒரே ஒரு போல்ட், இரண்டு வொயர் கொண்ட கப்ளர் (இணைப்பி), அவ்வளவுதான். கழற்றியபோது அதன் காந்த முனையில் இரும்புத்தூள் மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு மல்டிமீட்டரில் அளந்தோம். ஆறிய நிலையில் 900 ஓமுக்கு அருகில் காட்டிய மீட்டர், ஹேர் டிரையரால் சூடேற்றியதும் இணைப்பே இல்லை என்று காட்டியது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) சூட்டில் விரிந்து விட்டுப்போகிறது என்பது அப்போது உறுதியாயிற்று. பம்ப்பின் மேல் கை வைக்கவே தேவைப்படவில்லை.

கிருஷ்ணகிரி உறுப்பினர்:

ஐயா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்கள் கார் மாந்தோப்பில்தான் நிற்கும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகே கிளம்பும். கிளம்பிவிட்டால் ஓட்டத்தில் குறை இருக்காது. எஞ்சின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0340 (P0340) என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தது. அது கேம் சென்சாரின் சர்க்யூட்டைக் குறிக்கும் கோடு. சென்சார்தான் போயிற்று என்று அது சொல்வதில்லை. எங்கள் சென்சார் மூன்று வொயர் கொண்ட ஹால் வகையைச் (வெறும் காயிலாக இல்லாமல், மின்சாரம் கொடுத்தால் இயங்கும் வகை) சேர்ந்தது. அந்த வகையை ஓம் வைத்து அளப்பதில் பயனில்லை என்பதால், எலக்ட்ரீஷியன் கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வர வேண்டிய 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வொயரைத் தடவிக்கொண்டே போனபோது, பேட்டரிக்குக் கீழே எலி கடித்துச் செம்பு பளபளவென்று தெரிந்தது. அந்த ஒரு வொயரைச் சேர்த்து ஸ்லீவ் போட்டதோடு வேலை முடிந்தது. சென்சாரை வாங்கி மாற்றியிருந்தால் பணம் வீணாகி, கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

ஓசூர் உறுப்பினர்:

எனக்கு பி0016 வருகிறது. இரண்டு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

தருமபுரி உறுப்பினர்:

அவசரப்பட வேண்டாம், தம்பி. கிராங்க்கும் கேமும் சொல்லும் நிலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே அந்தக் கோடின் பொருள். கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தாலோ ஒரு பல் தாண்டியிருந்தாலோ, சென்சார்கள் உண்மையைச் சொல்வதனாலேயே அது வரும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது செயின் பக்கம் கடகடவென்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஆயில் அளவையும் இன்றே பாருங்கள். செயினைப் பரிசோதிக்கும்வரை நெடுஞ்சாலையில் விரட்ட வேண்டாம். செயின் மேலும் தாண்டினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதிவிடும். கடைசியில் கிராங்க் சென்சாரையே மாற்ற நேர்ந்தால், ஸ்கேனரில் ரீலேர்ன் (புதிய சென்சாரை இ.சி.யு.வுக்குப் பழக்குவது) செய்ய வேண்டிய வண்டியா என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.