திருவக்கரைக் கல்மரங்களிலிருந்து பழங்காலத் தட்பவெப்பத்தை எப்படி அறிகிறார்கள்?

சங்கராபரணி (கேள்வி):

வணக்கம். சென்ற வாரம் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் வக்கிரகாளியம்மனைத் தரிசித்துவிட்டு, அருகிலுள்ள கல்மரப் பூங்காவுக்கும் சென்றேன். செம்மண் மேட்டில் கிடக்கும் அடிமரங்களில் கணுக்கள் அத்தனை தெளிவாக இருந்தன. தட்டிப் பார்த்த பிறகே கல் என்று மனம் ஒப்புக்கொண்டது. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். முறிந்த முனையொன்றில் ஆண்டு வளையங்களை எண்ணிவிடலாம் என்று குனிந்து பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை. இலையும் பூவும் இல்லாத இக்கட்டைகளைக் கொண்டு, இன்ன மரம் என்றும், அன்று இங்கே எவ்வளவு மழை பெய்தது என்றும் எவ்வாறு சொல்ல முடிகிறது? அன்று இங்கிருந்த காடு இன்றைய முட்புதரைவிட வளமானதாக இருந்ததா?

மெல்லியசீவல்:

வளையம் தெரியாததும் ஒரு செய்திதான், நண்பரே. குளிர்காலத்திலோ நீண்ட வறட்சியிலோ வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கும் மரத்தில்தான் வளையம் அழுத்தமாக விழும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் கிடைக்கும் இடத்தில் அது மங்கியோ இல்லாமலோ போகும். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கல்லிலிருந்து ஒரு சீவலை அறுத்து, ஒளி ஊடுருவும்படி சுமார் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைப்பார்கள். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிகா செல்களுக்குள் புகுந்து படிந்ததால், நீர் ஏற்றிய குழாய்களின் பருமனும் பிசின் கால்வாய்களின் வரிசையும் அப்படியே தெரியும்.

அந்த அமைப்பை இன்றைய மரங்களோடு ஒப்பிட்டுத்தான் உறவு சொல்கிறார்கள். இப்பகுதியின் கடலூர் மணற்கற்களில் குங்கிலியக் குடும்பத்து மரங்கள் பல கிடைத்துள்ளன. போர்னியோ கற்பூர மரத்தை ஒத்தவையும் அவற்றில் உண்டு. நம் வீடுகளில் பச்சைக் கற்பூரம் என்று வாங்கினோமே, அதற்கு மூலமான மரம் இன்று சுமத்ரா, மலாய், போர்னியோ மழைக்காடுகளில்தான் இயற்கையாக வளர்கிறது. அதன் உறவு இங்கே வளர்ந்திருந்தால் ஈரம் மிகுந்திருக்க வேண்டும் என்பது வாதம். குடும்பப் பெயரை மட்டும் வைத்து அவ்வாறு சொல்லிவிட முடியாது. சால் மரமும் அதே குடும்பம்தான், அதுவோ இலையுதிர் காடுகளில் வாழ்கிறது.

இலைநரம்பு:

மேலே கூறியதை ஏற்கிறேன், ஆனால் "எவ்வளவு மழை", "எத்தனை டிகிரி" என்ற கேள்விகளுக்குக் கட்டையைவிட இலையே நன்றாகப் பதில் சொல்லும். 1915-இல் பெய்லி, சின்னட் என்ற தாவரவியலாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: வெப்பமான நாடுகளின் மரங்களில் விளிம்பு வழவழப்பான இலைகள் மிகுதி, குளிர்ந்த நாடுகளில் பல்விளிம்பு இலைகள் மிகுதி. ஒரு பாறைப் படிவில் கிடைக்கும் இலை வகைகளில் வழவழப்பானவற்றின் பங்கைக் கணக்கிட்டு, சராசரி வெப்பநிலையை மதிப்பிடும் முறை இதிலிருந்து வளர்ந்தது. மழையளவுக்கு இலைப் பரப்பு உதவுகிறது. இலை காற்றை உள்வாங்கும் நுண்ணிய இலைத்துளைகள் இன்னொரு சாட்சி: காற்றில் கரியமில வாயு மிகுந்தால் பல செடிகள் குறைந்த துளைகளோடு இலை விடுகின்றன. 1987-இல் தாவரவியலாளர் உட்வர்டு, கேம்பிரிட்ஜ் உலர்தாவரச் சேகரிப்பின் பழைய இலைகளை ஆராய்ந்து, 200 ஆண்டுகளில் துளையடர்த்தி ஏறத்தாழ 40% குறைந்திருப்பதைக் காட்டினார். இலைகள் மென்மையான களிமண்ணில் நன்கு பதியும். திருவக்கரையிலோ சொரசொரப்பான மணற்கல்.

அடுக்கடுக்காக இலைகள் கிடைத்தால் மாற்றத்தையே பின்தொடரலாம். அமெரிக்காவின் வயோமிங்கில் பிக்ஹார்ன் படுகையில், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் உயர்ந்தபோது ஊசியிலை மரங்கள் மறைந்து அவரைக் குடும்பச் செடிகள் வந்து சேர்ந்தன. பூச்சி கடித்த தழும்புகளும் இலைகளில் பெருகின. வெப்பம் தணிந்ததும் பழைய மரங்கள் பல திரும்பிவிட்டன.

மேட்டுநிலம்:

காடு வளமானதா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதற்கு வருகிறேன். இம்மரங்கள் 1781-இல் ஐரோப்பிய இயற்கையியலாளர் சொன்னராவின் குறிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. அன்று முதல் பெயர்களும் பெருகின. ஆனால் கல்லான கட்டைக்கு ஒரு பெயர், இலைக்கு ஒரு பெயர், மகரந்தத்துக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைப்பது தொல்தாவரவியல் வழக்கம். ஒரே மரம் மூன்று பெயரில் பட்டியலில் ஏறலாம். நெருங்கிய பல இனங்களின் கட்டை ஒன்று போலவே இருந்து ஒரே பெயரில் அடங்கவும் செய்யலாம். எனவே பெயர்களை எண்ணி "இத்தனை இனங்கள் இருந்தன" என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

நீங்கள் பார்த்த மரங்களில் வேரோ கிளையோ இருந்தனவா? இருந்திருக்காது. வெள்ளம் அவற்றை வேறிடத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்பதற்கு அதுவே அடையாளம். ஆற்றங்கரை மரமும் மேட்டுக்காட்டு மரமும் ஒரே குவியலில் கலந்திருக்கலாம். இலேசான கட்டைகள் மிதந்து கடலுக்கே போயிருக்கலாம். ஆகவே இக்குவியலை மட்டும் கொண்டு ஒரு காட்டின் வளத்தை அளந்துவிட முடியாது.

சங்கராபரணி:

அனைவருக்கும் நன்றி. உண்மைதான், வேர் ஒன்றையும் நான் காணவில்லை. பிறர் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "இவ்விடத்தில் காடு இருந்தது" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை, "இங்கே வந்து சேர்ந்த வெள்ளம் காடுகளைக் கடந்து வந்தது" என்று இப்போது திருத்திவிட்டேன்.