நம்ம ஊர் நடுநிலைப்பள்ளியில் ஏன் சேர்க்கவில்லை? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஊருணிக்கரை

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம், சாக்கோட்டை ஒன்றியம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி தெருமுனையிலேயே இருக்கிறது, ஒன்று முதல் எட்டு வரை. முதல் மணி அடித்தால் எங்கள் அடுப்படியில் கேட்கும். ஆனாலும் காலை எட்டு மணிக்குள் வேன் மாற்றி வேன் வந்து தெருப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்தப் பள்ளிக்கு நடந்து போவது இரண்டே வீட்டுப் பிள்ளைகள்தான். ஒன்று, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குக் காவல் இருப்பவர் வீடு. இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்ப்பவர் வீடு.

என் மகள் இப்போது ஐந்தாவது. ஆறாவதுக்கு எங்கே போடலாம் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். "அங்கயா? வேணாம் தம்பி" என்பதில் எல்லோரும் ஒரே குரல். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இங்கிலீஷ் வராது. வாத்தியார் பாதி நாள் வருவதில்லை. பாத்ரூம் சரியில்லை. பையன்கள் கெட்ட வார்த்தை பழகிவிடுவார்கள். எதிர்வீட்டு ஆச்சி மட்டும் குரலைத் தணித்து, "அங்க யாரு யாரு படிக்கிதுன்னு தெரியும்ல?" என்றார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க கடைசியா எப்ப உள்ள போனீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். பலகாரக் கடை அண்ணன் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "ஓட்டுப் போடப் போனேன்ல."

அதனால் ஒரு வேலை நாளில் நானே போய்விட்டேன். ஆறாவதும் ஏழாவதும் ஒரே அறையில், நடுவில் ஒரு பெஞ்சு வரிசை இடைவெளி. ஒரே டீச்சர், இந்தப் பக்கம் பின்னக் கணக்கு போடச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் வருவதில்லை என்பது பொய். வருகிற வாத்தியார் போதவில்லை என்பது நிஜம். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, பழைய சேலையில் உறை தைத்து மாட்டியிருக்கிறார்கள். ஏழாவது படிக்கும் ஒரு பெண் ஆங்கிலப் பாடத்தைத் தடுமாறாமல் படித்தாள். அர்த்தம் கேட்டதும் டீச்சரைப் பார்த்தாள். (என் மகள் படிக்கும் பள்ளியிலும் அதே கதைதான், அங்கே கட்டணம் கட்டிக் கேட்கிறோம்.) பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு நைலான் கயிறு.

பேப்பரில் வந்தது, வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம். நீங்கள் பார்த்தது, உங்கள் பிள்ளைக்கு நடந்தது மட்டும் எழுதுங்கள்.

சிங்கப்பூர்க்காரர் வீடு

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவர் அங்கே வெயிலில் நிற்பதே பிள்ளைகள் நல்லா படிக்கணும் என்றுதான். அந்தக் காசை வாங்கிக்கொண்டு, பிள்ளையைச் சும்மா கிடைக்கிற பள்ளிக்கூடத்தில் போட்டால் மாமியார் என்னைச் சும்மா விடுவாரா? கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "பையன் எங்க படிக்கிறான்?" பள்ளிப் பெயரைச் சொன்னால் போதும், என்ன படிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே எப்படி நடக்கிறது என்றும் சொல்கிறேன். தினமும் டைரியில் டீச்சர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார். எனக்குப் பாதி புரியாது. அதற்காகச் சாயங்காலம் டியூஷன். டியூஷன் எடுக்கிற பொண்ணு அழகப்பாவில் எம்.எஸ்சி. முடித்தது. ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டால், எட்டாவது வரை எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில்தான் படித்ததாம்! இதை மாமியாரிடம் சொன்னேன். "அப்ப உள்ள வாத்தியார் வேற" என்று முடித்துவிட்டார்.

சாக்பீஸ் தூள்

நான் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. மாவட்டம் இதுதான், பள்ளி எது என்று கேட்காதீர்கள்.

ஊருணிக்கரை தம்பி பார்த்தது எங்கள் பள்ளியாகவே இருக்கலாம், அப்படித்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஐந்தாவது வரை இடைநிலை ஆசிரியர்கள் நடத்துவோம். ஆறு முதல் எட்டு வரைக்குப் பாடவாரியாகப் பட்டதாரி ஆசிரியர் வேண்டும். ஆனால் எத்தனை பணியிடம் என்பது பிள்ளைகளின் தலைக்கணக்கைப் பொறுத்தது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு 30 பேருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டுக்கு 35 பேருக்கு ஒருவர். ஆகஸ்ட் 1 அன்று எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், எத்தனை பெயர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் 'உபரி' ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். மிச்சம் இருப்பவர் கணக்கையும் அறிவியலையும் சேர்த்துப் பார்ப்பார். அடுத்த ஜூனில் பெற்றோர் வந்து, "கணக்குக்குத் தனி டீச்சர் இல்லையே" என்று டி.சி. கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆளுக்கொரு டி.சி. வாங்கினால் அடுத்த வருடம் அந்த ஒரு டீச்சரும் இருக்க மாட்டார்.

இதில் ஆறாவதுதான் கண்டம். டவுனில் உள்ள மேல்நிலைப்பள்ளிகள் ஆறாவதிலிருந்தே எடுக்கின்றன. எப்படியும் ஒன்பதாவதுக்கு அங்கே போக வேண்டியதுதானே, இப்போதே போட்டுவிடுவோம் என்று ஐந்தாவதோடு கூட்டிப் போய்விடுகிறார்கள். செட்டியார்கள் கட்டிவைத்த உதவி பெறும் பள்ளிகள் நம் பக்கம் நிறைய, அவற்றின் பெயருக்கே ஒரு மதிப்பு உண்டு. நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்து அனுப்புவோம், பத்தாவது ரிசல்ட் பேனர் அங்கே தொங்கும்.

இன்னொன்று, வெளியே இருப்பவர்கள் கவனிக்காதது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த வருடம் அரசுத் தொடக்க வகுப்புகளுக்கெல்லாம் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரைதான். எங்கள் பள்ளியில் காலையில் கிச்சடி பரிமாறும்போது, ஏழாவது படிக்கும் அக்கா தம்பிக்குத் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுத் தூண் பக்கம் போய் நிற்பாள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறவர்கள். மதியச் சத்துணவு எங்கள் பள்ளியில் எட்டாவது வரை எல்லோருக்கும் உண்டு, அது பன்னிரண்டரை மணிக்கு மேல். பசியோடு முதல் நான்கு பீரியட்.

ஜூன் மாதம் நோட்டீஸோடு வீடு வீடாகப் போவோம். ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், எங்களுக்கு மோர் கூடக் கொடுத்தார். கடைசியில், "டீச்சரம்மா, உங்க பிள்ளை எங்க படிக்கிது?" என்றார். எங்கள் நான்கு பேரில் யாருக்கும் வாய் திறக்கவில்லை.

கல்லல் ரோடு

என் பையனுக்கு ஆர்.டி.இ.யில், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீதத்தில், இடம் கிடைத்தது. எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாவது வரை கல்விக் கட்டணம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அரசே காசு கொடுத்துத் தனியார் பள்ளியில் படிக்கவைக்கிறேன் என்னும்போது யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் வேன், ஷூ, டை, ஆண்டு விழா டிரஸ் எல்லாம் நம் கைக்காசு. 2025இல் மத்திய அரசு நிதி வராததால் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதுவரை எங்கள் அத்தை மகன் பிள்ளைக்கு முழுக் கட்டணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மேலத்தெரு கீழத்தெரு

எல்லாரும் சுற்றிச் சுற்றி எழுதுகிறீர்கள். அந்த ஆச்சி குரலைத் தணித்துக் கேட்டதை நான் சத்தமாக எழுதுகிறேன்.

நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் எட்டாவது வரை படித்தவன், காலனிப் பையன். நான் சேரும்போது மேலத்தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே பெஞ்சு, ஒரே டீச்சர். மதியம் மட்டும் அவர்கள் தட்டு கொண்டுவர மாட்டார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். சமைத்தவர் எங்கள் தெரு அக்கா. நான் நான்காவது வருவதற்குள் ஊருக்குள் முதல் வேன் வந்தது. இரண்டு மூன்று வருடத்தில் அந்தத் தெருவே வகுப்பில் இல்லை. டீச்சர்கள் மாறவில்லை, கட்டடம் மாறவில்லை. சொல்லப்போனால் கழிப்பறை கட்டியதே அதற்கு அப்புறம்தான்.

இப்போது அது 'காலனிப் பள்ளிக்கூடம்'. எங்கள் தெருவிலேயே அரசு வேலை கிடைத்தவர்கள் பிள்ளைகளை வேனில்தான் அனுப்புகிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேனில் பக்கத்து சீட்டில் யார் பிள்ளை என்று மேலத்தெரு கேட்பதில்லை. கட்டணம் கட்டிய பிள்ளை என்றால் சாதி கொஞ்சம் மங்கலாகத் தெரியும்போல. இங்கிலீஷ் மீடியம் இல்லை என்பதெல்லாம் பழைய சாக்கு, 2012க்குப் பிறகு எத்தனையோ அரசுப் பள்ளிகளில் அதுவும் வந்துவிட்டது. வந்த பிறகு எத்தனை வேன் நின்றது?

கண்டாங்கி

மேலத்தெரு கீழத்தெரு தம்பி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கழிப்பறையைச் சாக்கு என்று தள்ளாதீர்கள், பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் முதல் காரணம்.

என் மகள் ஆறாவது வரை உள்ளூரில்தான் படித்தாள். ஏழாவதில் வயசுக்கு வந்தாள். அதற்கப்புறம் காலையில் தண்ணீர் குடிக்காமல் போக ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அவளுடைய கூட்டாளிதான் சொன்னாள், உள்ளே தண்ணீர் வராது, வெளியே ஒரு பிள்ளை காவல் நிற்கணும் என்று. அரசாங்கம் இலவச நாப்கின் கொடுக்கிறது, அது டீச்சர் பீரோவில் இருக்கும். பையன்கள் முன்னால் போய்க் கேட்க இவளுக்குக் கூச்சம். பொறுக்க முடியாத நாளில் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கூட்டத்தில் சொன்னேன், தீர்மானம் எழுதினார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே தீர்மானம். தலைமையாசிரியை பாவம், குழாய் உடைந்தால் ஊராட்சியைக் கேட்கணும், ஊராட்சி ஒன்றியத்தைக் காட்டும். கூட்டுபவருக்குக் கொடுக்கிற காசில் யாரும் நிலைப்பதில்லை. கடைசியில் அக்டோபர் 2 கிராம சபையில் பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்து போய் உட்கார்ந்தோம். தண்ணீர் லைன் பொங்கலுக்குள் வந்துவிட்டது. அதற்குள் என் மகளை டவுனில் பெண்கள் பள்ளிக்கு மாற்றியிருந்தேன். குழுவில் இன்னும் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். சின்னவள் அங்கே நான்காவது படிக்கிறாள்.

ஒன்பதாவது பெஞ்சு

சேர்த்தவன் ஒருத்தன் எழுதணுமே. என் மகன் எட்டாவது வரை அங்கேதான். நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ் வாசிப்பு அருமை. கயிறு கட்டித் தொங்கவிட்ட புத்தகங்களையெல்லாம் படித்து முடித்துவிட்டான். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்னும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்கு எச்.எம். சனிக்கிழமைகளில் தனியாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். பாஸ் பண்ணினான். ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் அவன் பெயரில் வங்கிக் கணக்குக்கு வரும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள்தான் அந்தத் தேர்வு எழுத முடியும்.

ஆனால் ஒன்பதாவதில் கணக்கில் திணறினான். ஏழாவதில் பாதி வருடம் கணக்குக்கு ஆள் இல்லாத ஓட்டை, இயற்கணிதம் வந்ததும் தெரிந்துவிட்டது. அரையாண்டு வரை ஒரே அழுகை. டியூஷன் வைத்துத்தான் சரியானது. அந்தச் செலவு எனக்கு எட்டு வருட வேன் காசில் ஒரு மூலைக்குக் கூட வராது, ஆனாலும் அவன் பட்ட பாடு பாடுதான்.

ஊருணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். மருத்துவம், பொறியியல் மாதிரிப் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காகச் சிலர் பிள்ளையை நடுவில் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஆறாவது மட்டும் இப்போதுள்ள பள்ளியில் படிக்கட்டும், கணக்கு டீச்சர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு ஏழாவதில் மாற்றலாமா?

சாக்பீஸ் தூள்

மாற்றலாம், ஆனால் ஒதுக்கீடு போய்விடும் தம்பி. 2020இல் மருத்துவத்துக்கு வந்த சட்டமும், அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு வந்ததும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. ஒன்றியப் பள்ளி அரசுப் பள்ளி கணக்கில் வரும், உதவி பெறும் பள்ளி வராது. கல்லல் ரோடு அண்ணன் பையன் மாதிரி ஆர்.டி.இ.யில் எட்டாவது வரை தனியாரில் படித்தவர்களுக்கு மட்டும், ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளி என்றால் உண்டு.

கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாவதிலிருந்துதான் கணக்கு. அது 2024 டிசம்பரிலிருந்து உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கிற பெண்களுக்கும் வந்துவிட்டது.

டீச்சர் பற்றிய முடிவு ஆகஸ்டில்தான் தெரியும். மகளைச் சேர்ப்பதாக இருந்தால் தெருவில் இன்னும் நான்கு வீட்டையும் ஜூனிலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நான்கு பெயரும் ஆகஸ்ட் 1க்குள் எமிஸில் ஏறணும்.

ஊருணிக்கரை

பலகாரக் கடை அண்ணனிடம் இன்றைக்கே பேசுகிறேன். அவர் பையனும் ஐந்தாவதுதான்.