சுளுக்கின காலுக்கு டேப்பா, பிரேஸா? அடுத்த சனிக்கிழமை ஆட்டம்

செம்பனை_விங்கர்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பையன் நான். 3 வாரத்துக்கு முன்னால் திடலோரம் பந்தை விரட்டியபோது டிராக்டர் தடத்தில் வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, நடந்தால் வலியில்லை. அடுத்த சனிக்கிழமை கால்பந்து அரையிறுதி. ஃபார்மசியில் விற்கும் இழுபடும் உறை போதுமா?

பத்தாங்கட்டை: போதாது தம்பி. அது இறுக்கமான காலுறை மாதிரி, பாதம் மடங்குவதைப் பெரிதாகத் தடுக்காது. இழுபடாத வெள்ளை டேப் வாங்கு. உள்கணுக்காலில் ஆரம்பித்து, குதிகாலுக்கு அடியில் கொடுத்து, வெளிப்பக்கம் மேலே இழுத்து ஒட்டணும். நான் 10 வருஷமாக அப்படித்தான் ஆடுகிறேன்.

காப்பி_ஓ: 10 வருஷமாக ஒட்டுகிறீர்கள் என்றால் 10 வருஷமாகக் கால் சரியாகவில்லை என்றுதானே அண்ணே அர்த்தம்? டேப் ஓட ஓடத் தளர்ந்துவிடும், அதுவும் நம் ஊர் 5 மணிப் புழுக்கத்தில் வியர்த்து ஊறி இடைவேளைக்குள் பாதி உரிந்து சாக்ஸோடு வரும். கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டும் கவசம் மாதிரியான பிரேஸ் என்றால் இடைவேளையில் உட்கார்ந்து இறுக்கிக்கொள்ளலாம். பூட்ஸைக் கையோடு கொண்டுபோய் போட்டுப் பார்த்து வாங்கு தம்பி, இல்லாவிட்டால் உள்ளே நுழையாது.

பத்தாங்கட்டை: பிரேஸ் போட்டு ஓடினால் மாட்டு வண்டிதான். பழகிவிட்டால் கால் சோம்பேறியாகிவிடும்.

காப்பி_ஓ: அது திடலில் சுற்றும் கதை. பிரேஸ் போடுவதால் தசை பலவீனமாகாது, பயிற்சி செய்யாமல் விட்டால்தான் ஆகும். ஒரு தடவை சுளுக்கின கால்தான் மறுபடி சுளுக்கும்.

கிளினிக்_அக்கா: டேப், பிரேஸ் இரண்டுமே சுளுக்கின காலுக்கு உதவும், சண்டை வேண்டாம். ஆனால் பையனால் ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! சுளுக்கில் எலும்புகளை இணைக்கும் தசைநார் கிழியும்போது பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்கிற உணர்வும் மந்தமாகும், அதை எந்தத் துணியும் திருப்பித் தராது. தம்பி, கண்ணை மூடி ஒவ்வொரு காலிலும் நின்று பார். அப்புறம் அதே காலில் நொண்டியடி, எட்டுப் போட்டு ஓடு.

செம்பனை_விங்கர்: லயத்து வீட்டு வாசலில் செய்து பார்த்தேன் அக்கா. இடது கால் 30 நொடி அசையவில்லை. வலது 6 நொடியில் தள்ளாடி, பாட்டியின் துளசித் தொட்டியைப் பிடித்துவிட்டேன். நொண்டியடித்தால் உள்ளே சுருக்கென்கிறது.

கிளினிக்_அக்கா: அப்படியானால் சனிக்கிழமை வேண்டாம். தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில். ஆடப் போகும் நாளிலிருந்து இந்த சீசன் முழுக்க பிரேஸோ டேப்போ இருக்கட்டும்.

பத்தாங்கட்டை: 6 நொடியா? சரி, பெஞ்சில் உட்கார். ஆனால் டேப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.